மாமியார் நாற்காலி

அந்த அலுவலகத்தில் நாற்காலிக்குப் பஞ்சமே கிடையாது. உட்கார ஆளில்லாமல் அவை பாட்டுக்கு ஒன்றின் முதுகை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. ஆனால் பேர் வைத்துக் கூப்பிட்ட நாற்காலி ஒன்றே ஒன்றுதான். கூட்ட அறையில் நீள மேசையின் தலைமாட்டில் போட்டிருந்த, கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலி. அதற்கு மாமியார் நாற்காலி என்று பேர்.

அடுத்தவர் கம்பெனி எந்தக் காலில் நொண்டுகிறது என்று பார்த்து வழி சொல்வதுதான் அவர்கள் தொழில். செருப்புக் கடையோ மருந்துக் கம்பெனியோ, வியாபாரம் படுத்துவிட்டால் இவர்களைக் கூப்பிடுவார்கள். இவர்கள் போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்து, படம் போட்டு, அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். கிளையன்ட் முன்னால் போய் நிற்பதற்கு முதல் நாள் ஒத்திகை நடக்கும். ஒருவர் அந்த மர நாற்காலியில் கிளையன்டாக உட்கார வேண்டும். உட்கார்ந்தவருடைய வேலை, தொட்டதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பது. பதில் வந்ததும் 'ஏத்துக்கிறேன்' அல்லது 'ஏத்துக்கலை' என்று தீர்ப்புச் சொல்வது.

நாற்காலி என்ன கேட்டாலும் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு: அறைக்குள் நாற்காலி பேசியதை, கதவைத் தாண்டி யாரும் வெளியே எடுத்துக்கொண்டு வரக் கூடாது. அலுவலகம் ஆட்களால் நிரம்பியிருந்த நல்ல காலத்தில், ஒத்திகையில் கேட்ட ஒரு கேள்விக்காக இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்கள். அப்போது பெரியசார் போட்ட சட்டம் அது.

பெரியசார்தான் முதலாளி. ஒரு காலத்தில் சின்னசார் என்று ஒரு கூட்டாளியும் இருந்தார். அவர் நல்ல கிளையன்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். பெரியசாருக்குப் பேர் மட்டும் மிஞ்சியது. எதைச் சொன்னாலும் "மூணு விஷயம்" என்று விரலை நீட்டித்தான் ஆரம்பிப்பார். முதல் இரண்டும் தயாராக இருக்கும். மூன்றாவதை, இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேடுவார். கிடைக்காவிட்டால் மூன்றாவது விரலை அப்படியே நீட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

சின்னசார் போனபின் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தளத்தில் பாதியைப் பல் டாக்டருக்கு விட்டாயிற்று. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் பல்லைக் குடையும் சத்தம் இந்தப் பக்கம் கூட்டம் நடக்கும்போது காதைக் குடையும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்கள் கதவு மாறி இங்கே நுழைந்துவிடுவார்கள். "வாங்க, உட்காருங்க. இங்கயும் வலிக்கு வழி சொல்றதுதான் தொழில், ஆனா மரத்துப்போற ஊசி எங்ககிட்ட கிடையாது" என்பார் பெரியசார்.

இப்போது அவரோடு சேர்த்து நான்கே பேர். கணக்கும் நிர்வாகமும் பார்க்கிற அக்கா. அவருக்குப் பெரியசாரை விட வயது குறைவுதான், ஆனாலும் பெரியசார் உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. அப்புறம் வானொலி. கிளையன்டுகளிடம் பேசுவது அவன் வேலை. தூக்கத்தில்கூடப் பேசுவான் என்று அவன் மனைவியே போன் செய்து புகார் சொன்னதுண்டு. நான்காவது, படம் போடுகிறவள். எண்களை வாங்கிக்கொண்டு கோடாகவும் கட்டமாகவும் வட்டமாகவும் மாற்றித் தருகிறவள். அவளுக்குத் தாழ்ப்பாள் என்று பேர் வைத்ததும் வானொலிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியம் சாப்பிடும்போது அவள் வாயைத் திறப்பது ரொட்டிக்கு மட்டும்தான் என்று கண்டுபிடித்து வைத்த பேர்.

ஆனால் அதே தாழ்ப்பாளை ஒரு நாள், வேறு ஆள் வராததால், மாமியார் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இவ்வளவு நேரம் பேசினீங்களே, எங்க கம்பெனி வாசல்ல ஒரு நாளாவது நின்னு பார்த்தீங்களா?" என்று கேட்டாள். வானொலி வாயடைத்துப் போனான். அவன் வாயடைத்ததை அந்த அலுவலகம் அன்றுதான் பார்த்தது. பெரியசார் கை தட்டினார். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுக்கே. அவளாகப் பேச வராத பேச்செல்லாம் அதில் உட்கார்ந்தால் வந்தது. எழுந்ததும் மறுபடி தாழ் விழுந்துவிடும்.

அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான் இப்போது தொண்டையில் ஒரு விஷயம் சிக்கிக்கொண்டிருந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே கூட்டம் நெரிகிறது என்று படம் போட்டுக் கொடுக்கிற வேலை. சம்பளம், இங்கே மாதிரி பாதி பாதியாக இல்லாமல், ஒரே தவணையில் வரும். அதைவிடப் பெரிதாக, மத்தியானத்திலேயே விட்டுவிடுவார்கள், ஆஸ்பத்திரியும் மகளின் பள்ளிக்கூடமும் ஒரே தெரு. அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் தினமும் கடைசியாகப் போகிற பிள்ளை. மற்ற பிள்ளைகளெல்லாம் போனபின், பெருக்குகிற அம்மாவோடு சேர்ந்து பெஞ்சுகளைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். "இன்னைக்கு எல்லா பெஞ்சும் நானே தள்ளிட்டேம்மா" என்று அவள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் தாழ்ப்பாள் அந்தச் சின்னக் கையிலிருந்து தூசியைத் தட்டிவிடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதே வியாழக்கிழமை காலையில்தான் பெரியசார் ஒரு சோப்புக் கம்பெனியில் அறிக்கையோடு போய் நிற்க வேண்டும். அந்தக் கம்பெனி வேலை கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு மூச்சு விடலாம். அந்த ஒரு வருஷ வேலையும் அவள் போடுகிற படங்களை நம்பித்தான். முன்னாலேயே சொன்னால் மனிதர் உடைந்துபோவார். பின்னால் சொன்னால், தன்னைக் காட்டி வேலையை வாங்க வைத்துவிட்டுக் கம்பி நீட்டியது மாதிரி ஆகும்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, பஸ் ஓட்டுகிற அவள் கணவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் வேணா சொல்லட்டுமா? பஸ்ஸை உங்க ஆபீஸ் வாசல்ல நிறுத்தி நல்லா ஹாரன் அடிச்சு, எல்லாரும் எட்டிப் பார்த்ததும் சொல்லிடறேன். டிக்கெட் வாங்கினவங்களும் சாட்சி."

மகள் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, என்னையே பெரியசாரா நினைச்சுக்க. சொல்லு பார்ப்போம்" என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சார், நான் போறேன் சார்."

"அப்படியாம்மா? போயிட்டு வா."

"அவர் அப்படிச் சொல்ல மாட்டாரு."

"பின்ன என்ன சொல்வாரு? திட்டுவாரா?"

"திட்டினாத்தான் பரவாயில்லையே. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நல்லது நல்லதுன்னு சொல்லிட்டு, என் மேசையை அப்படியே வச்சிருப்பாரு."

அது அவனுக்குப் புரியவில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். ஆள் போனாலும் பெரியசார் மேசையைக் காலி செய்ய விடமாட்டார். "அந்தக் கவரைப் பாட்டுக்காரர் மேசையில வைங்க" என்பார். பாட்டுக்காரர் போய்ப் பல காலம் ஆகிறது. "பிரின்டர் தாள் மாப்பிள்ளை மேசையில இருக்கும் பாரு" என்பார். மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து வேறு ஊருக்கே போய்விட்டார். பேர்களெல்லாம் தூசி படிந்து அங்கேயே உட்கார்ந்திருந்தன. ஜன்னலோரம் தாழ்ப்பாள் மேசை என்று ஒன்று ஆள் இல்லாமல் கிடப்பதை நினைத்தால் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

புதன்கிழமை காலை, என்ன ஆனாலும் சரி, வாசலிலேயே சொல்லிவிடுவது என்று சீக்கிரம் கிளம்பி வந்தாள். லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. படி ஏறினால், முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிக்குக் கீழே பெரியசாரின் செருப்பு தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் முனகல் கேட்டது.

"சார்! என்ன சார் இது?"

"யாரு, தாழ்ப்பாளா? வழி விடும்மா, கால் தடுக்கும். மானிட்டர். பழசுதான், ஆனா பெருசு. நீ கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறதைப் பார்த்தா எனக்கே கண்ணு வலிக்குது."

அவளும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். மேலே வந்து மேசையில் வைத்ததும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒயரைச் செருகுவதற்காக மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். அடியிலிருந்தே பேசினார்.

"மூணு விஷயம்மா. ஒண்ணு, எழுத்து பெருசாத் தெரியும். ரெண்டு, வெளிச்சத்தைக் குறைச்சுக்கலாம். மூணு..." மூன்றாவது மேசைக்கு அடியிலும் கிடைக்கவில்லை. தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்து, "நீ நல்லா இருக்கணும்" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? வந்த வார்த்தை வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க? டீ குடிக்கிறியா?" என்றார். அவள் தலையாட்டினாள். டீயையும் குடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஒத்திகை ஆரம்பித்தது. அவள் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தாள். வானொலி நின்று பேசினான். பெரியசார் ஒவ்வொரு ஸ்லைடாக மாற்றினார். அக்கா கதவோரம் கணக்குத் தாளோடு இருந்தார். பல் டாக்டரின் இயந்திரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிர்ரென்று ஓடியது.

"சோப்பு காயற கூடத்துல இடம் வீணாகுதுன்னு சொல்றீங்க. மழைக்காலத்துல பார்த்தீங்களா?" என்றாள் அவள், தலையைச் சாய்த்து.

"பார்க்கலை மேடம். ஆனா பழைய கணக்கை வாங்கிப் பார்த்துட்டோம், மழைக்காலத்துக்குத் தனியா ஒரு படமே இருக்கு" என்றான் வானொலி.

"ஏத்துக்கிறேன். பேக்கிங்ல ஆளைக் குறைக்கணுமா?"

"குறைக்க வேண்டாம் மேடம், இடம் மாத்தினாப் போதும்."

"ஏத்துக்கிறேன்."

"அடேயப்பா, இன்னைக்கு மாமியார் நல்ல மூடுல இருக்காங்க" என்றான் வானொலி. பெரியசார் சிரித்துக்கொண்டே கடைசி ஸ்லைடுக்கு வந்தார்.

அந்தக் கடைசிப் படம் அவர்களுடைய எல்லா அறிக்கையிலும் வரும். ஒற்றைக் கால் மட்டும் மிஞ்சிய ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு குண்டு மனிதர் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கீழே, 'ஒரே ஆளை நம்பி நிற்காதீர்கள்.' எங்கே போனாலும் இதை மட்டும் சொல்லாமல் வரமாட்டார்கள். எந்தக் கம்பெனியிலும் ஏதோ ஒரு வேலை ஒரே ஒருவர் கையில் மாட்டிக்கொண்டிருக்கும், அவர் படுத்தால் கம்பெனியும் படுத்துவிடும் என்பது பெரியசாருடைய பல வருஷப் பாடம். படத்தை வரைந்தவள் அவள்தான். எத்தனையோ முறை பார்த்த அந்தக் குண்டு மனிதர் இன்று பெரியசார் மாதிரி தெரிந்தார்.

அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரே ஆளை நம்பி நிக்காதீங்கன்னு எங்களுக்குச் சொல்றீங்க. நல்லது. உங்க ஆபீஸ்ல இந்தப் படமெல்லாம் போடறது எத்தனை பேரு?"

வானொலி சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஒருத்தங்கதான் மேடம்" என்றார் பெரியசார்.

"அவங்க போயிட்டா?"

அக்காவின் கையிலிருந்த தாள் சத்தம் போடுவதை நிறுத்தியது. அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரும் இயந்திரத்தை நிறுத்தித் தொலைத்தார்.  பெரியசார் ரிமோட்டை மேசைமேல் மெதுவாக வைத்தார். விரலை நீட்டினார்.

"மூணு விஷயம் மேடம். ஒண்ணு, அவங்க போறாங்கன்னா அதை நீங்க வெளியில யார்கிட்டயும் கேள்விப்பட மாட்டீங்க. நானே வந்து சொல்வேன். ரெண்டு, வேலை நிக்காது. நானே படம் போடுவேன். பார்க்கச் சகிக்காது, ஆனா எண்ணு சரியா இருக்கும்."

மூன்றாவது விரல் நீண்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மறுபடி நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியைத்தான் பார்த்தார், அவளை அல்ல.

"மூணு. அவங்களைப் போகாதேன்னு நாங்க சொல்ல மாட்டோம். எல்லாத்தையும் ஒருத்தி தலையில ஏத்தி வச்சுட்டு, அவ நகர முடியாம நின்னா, அது அவ தப்பு இல்ல. எங்க தப்பு."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் நாற்காலியில் இருக்கும்வரை அவள் சோப்புக் கம்பெனிக்காரி. தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணு ஏத்துக்கிறேன். மூணு..." கைப்பிடியை மாற்றிப் பிடித்தாள். "மூணாவதும் ஏத்துக்கிறேன். ரெண்டாவதை ஏத்துக்கலை. உங்களுக்குப் படம் போட வராது."

"சரிதான் மேடம்" என்றார் பெரியசார்.

ஒத்திகை முடிந்தது. கதவைத் திறந்து நால்வரும் வெளியே வந்தார்கள். கதவைத் தாண்டியதும் சட்டம். யாரும் ஒன்றும் பேசவில்லை. வானொலி சொல்ல முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தான். அப்போது கதவு மாறி வந்த ஓர் ஆள் அவனையும் பல் வலிக்காரன் என்று நினைத்து, "உங்களுக்கும் கடைவாய்ப் பல்லா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"நாற்காலி கேட்ட கேள்வி நாற்காலியோட போச்சு. அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே மூக்கை உறிஞ்சினார்.

அவள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். புது மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. சொல்லியாகிவிட்டது என்று மனசு ஒரு பக்கம் ஆறுதல் தேடியது. இன்னொரு பக்கம், சொல்லவில்லை என்று குத்தியது. கேட்டது மாமியார். இவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் போட்டவர் சட்டத்தை மீறி வந்து கேட்க மாட்டார். அவர் கண்ணாடி அறைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகைப் பார்த்தால் அழுகிறாரோ என்றுகூடத் தோன்றியது.

மெதுவாக எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்த்தாள். அவர் அழவில்லை. படம் போட்டுக்கொண்டிருந்தார். மவுஸை, கரப்பான் பூச்சியை அமுக்குவது மாதிரி அமுக்கிப் பிடித்திருந்தார். திரையில் எண்களைக் காட்டி நிற்க வேண்டிய தூண்களெல்லாம் பக்கவாட்டில் விழுந்து கிடந்தன. ஒன்று மட்டும் கறுப்பாக வானத்தை முட்டியது. ஒவ்வொரு அமுக்குக்கும் "அட, நில்லு. நில்லுப்பா" என்று அவற்றோடு பேசினார்.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார்."

"ம்? வாம்மா. இது ஏன் இப்படிப் படுத்துக்குது?"

"சார், அது நாற்காலி கேட்டது இல்ல சார். நான் கேட்டது."

அவர் கை நின்றது. திரும்பவில்லை.

"தெரியும்மா" என்றார். "நீயா வந்து சொல்ற வரைக்கும் தெரியாதுன்னுதான் இருக்கணும். சட்டம் நான் போட்டதாச்சே. அதான் இந்தத் தூணோட மல்லுக்கு நின்னுட்டு இருந்தேன்."

"ஆஸ்பத்திரியில வேலை சார். பொண்ணோட ஸ்கூல் பக்கத்துலயே. அவ தினமும் கடைசியா நிக்கிறா சார். பெஞ்சு தள்ளிக்கிட்டு..." அதற்கு மேல் வரவில்லை. இவ்வளவு நீளமாக அவள் அந்த அறையில் பேசியதும் அதுதான் முதல் தடவை.

பெரியசார் நாற்காலியைத் திருப்பினார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வெளுத்திருந்தது.

"உட்காரற இடத்துல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு சார்."

"நல்லது. நல்லது." மூன்றாவது நல்லதைச் சொல்லாமல் விழுங்கினார். பிறகு, "இந்த மானிட்டரை நான் தூக்கிட்டு வந்ததைப் பார்த்துத்தானே காலையில சொல்லாம விட்டே, பைத்தியம்" என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெளியே வானொலி வாய்விட்டே அழுதான். "டேய், அவ போறதுக்கு நீ ஏண்டா ஒப்பாரி வைக்கிற?" என்று அக்கா அதட்டுவது கேட்டது. "இவ்வளவு நேரம் பேசாம இருந்தது எனக்கு நெஞ்சை அடைச்சிருச்சுக்கா" என்றான் அவன்.

மறுநாள் காலை நால்வரும் சோப்புக் கம்பெனிக்குப் போனார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்துகிற கம்பெனி. அறை முழுக்க மணத்தது, வானொலிக்குத் தும்மல் நிற்கவில்லை. முக்காலிப் படம் வந்ததும் பெரியசார் எழுந்து நின்றார்.

"இதை உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்க கதையைச் சொல்லிடறேன். இந்தப் படத்துல இருக்கிற குண்டு ஆளு நான்தான். இதெல்லாம் போட்டவங்க அடுத்த மாசத்துலருந்து எங்ககிட்ட இருக்க மாட்டாங்க. நீங்க வெளியில கேள்விப்படக் கூடாது, அதான்."

அண்ணன் பேனாவை மூடினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் போயிற்று, தன்னால்தான் போயிற்று என்று காது அடைத்தது. தங்கைக்காரி பெரியசாரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா போறீங்க? இவங்க சரியில்லையா?"

இங்கே மர நாற்காலி இல்லை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை. அவள் நிமிர்ந்தாள்.

"இவங்க மாதிரி ஆளுங்க கிடைக்க மாட்டாங்க மேடம். என் பொண்ணு ஸ்கூல்ல தினமும் கடைசியா நிக்கிறா. அதுக்குத்தான் போறேன். போற வரைக்கும் இவங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போவேன்."

 அந்த அம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நாமளும் அப்படித்தானே நின்னோம். அப்பா ஃபேக்டரியைப் பூட்டிட்டு வர்ற வரைக்கும்."

"நீ எங்க நின்ன? என் முதுகுல தூங்கின" என்றார் அண்ணன். பேனாவை மறுபடி திறந்தார்.

ஒரு வருஷ வேலை கிடைக்கவில்லை. பேக்கிங் கூடத்தை மட்டும் முதலில் செய்து காட்டுங்கள், மூன்று பேர் தாங்குகிற வேலை எவ்வளவோ அவ்வளவு போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு என்று நினைத்த மூச்சு இந்த மழைக்காலம் வரை வரும். வெளியே வந்ததும் வானொலி, "சார், உண்மையைச் சொல்லி வேலை வாங்கலாம்னு தெரிஞ்சிருந்தா நான் இத்தனை வருஷம் இவ்வளவு பேசியிருக்கவே மாட்டேன்" என்று தும்மினான்.

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொன்னாள். போனை வைத்ததும் கணவன், "அப்ப ஹாரன் அடிக்க வேண்டாமா?" என்று ஏமாந்தவன் போலக் கேட்டான்.

மீதி இருந்த நாட்களில் அலுவலகத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. மாமியார் நாற்காலியை அறையிலிருந்து இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டார்கள். பெரிய மானிட்டர் முன்னால் பெரியசாரும் வானொலியும் ஒட்டிக்கொண்டு உட்கார, அவள் பக்கத்தில் மர நாற்காலியில் இருந்துகொண்டு பார்த்தாள்.

"ஏத்துக்கலை. தூண் சாயுது."

"ஏம்மா, அது கொஞ்சம் சாஞ்சா என்ன? நானே சாஞ்சுதானே நிக்கிறேன்."

"ஏத்துக்கலை சார். அழிச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

"பொல்லாத மாமியார்டா சாமி" என்று வானொலி காதோடு சொல்வான்.

"சார், நான் போனதும் இந்த மேசையைச் சும்மா போடக் கூடாது. இதுல நீங்க உட்காரணும்" என்று அவள் ஒரு நாள் சொன்னாள்.  மறுநாள் காலை பார்த்தால், பெரியசாருடைய மூக்குக் கண்ணாடிக் கூடும் தலைவலித் தைலமும் அந்த மேசையில் இருந்தன. அதன் பிறகு அவர் மாப்பிள்ளை மேசையையும் பாட்டுக்காரர் மேசையையும் அக்காவைத் துடைக்கச் சொல்லி, ஒன்றைப் பல் டாக்டருக்கே கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு முன்னாலேயே அவர் அவளைத் துரத்த ஆரம்பித்தார். "கிளம்பு கிளம்பு, பிள்ளை நிப்பா" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். பெருக்குகிற அம்மாதான், பெஞ்சு தள்ள ஆளில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசி நாளும் அப்படித்தான். பெரியசார் யார் உதவியும் இல்லாமல் முழுசாக ஒரு படம் போட்டு முடித்திருந்தார். தூண்கள் நேராக நின்றன. நிறம்தான் கண்ணைக் குத்துகிற ஊதாவும் பச்சையும். அவள் மர நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வராமல் உதடு துடித்தது. மாமியார் நாற்காலியில் அவளுக்குத் தாழ் விழுந்தது அதுவே முதல் தடவை.

"சரி சரி, யோசிச்சுச் சொல்லு. நேரமாச்சு, கிளம்பு" என்று பெரியசார் பையை நீட்டினார். முகத்தை மானிட்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் எல்லோரிடமும் தலையாட்டிவிட்டு இறங்கினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு மாடி இறங்கியிருப்பாள். அங்கேயே நின்றாள். தலையை நிமிர்த்தி, படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கிற மாதிரி கத்தினாள்.

"சார்! ஏத்துக்கிறேன் சார்!"

மேலே ஏறி வந்துகொண்டிருந்த பல் வலிக்காரர் ஒருவர் திடுக்கிட்டுக் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ஊதாக் கலரையுமா?" என்று வானொலியின் குரல் இறங்கி வந்தது.

"அதை மட்டும் மாத்தச் சொல்லுங்கண்ணே!" என்று கத்திவிட்டு, சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்ச் சேர வேகமாகப் படி இறங்கினாள்.